எதெல்மிராவின் தும்பிக்கை

மொரோவிஸ் ஊரில் பள்ளிக்கூடச் சமையல்காரி எதெல்மிரா குறட்டை விட்டால் மூன்றாம் வீட்டு நாய் எழுந்து குரைக்கும். அதற்காக அவள் வெட்கப்பட்டதே இல்லை. ஆம்பளை விட்டால் உழைத்த அலுப்பு, பொம்பளை விட்டால் மானக்கேடா என்று கேட்பாள். தூக்கத்தில் மூச்சே நின்றுபோகிறது என்று டாக்டர் காற்று இயந்திரத்தைக் கொடுத்ததும், மறுபேச்சில்லாமல் மூக்கிலிருந்து நீளக் குழாய் தொங்கும் அதன் முகமூடியை மாட்டிக்கொண்டாள்.

வம்பு அங்கேதான் பிடித்தது. காலையில் தலை தெளிந்திருந்தது. தொண்டையோ காய்ந்து கரகரத்தது. திருவிழாப் பாட்டுப் போட்டிக்கு மூன்றே வாரம். கூட்டம் ஓர் அடியைச் சொல்லும். அந்த அடியில் முடிகிற பத்தடிப் பாட்டை நின்ற இடத்தில் கட்ட வேண்டும். இருபது வருடமாக அதில் அவள் தோற்றதில்லை.

"அந்தச் சனியனத் தூக்கிப் போடு. குரலே போயிரும்," என்றான் புருஷன் வென்செஸ்லாவோ.

"மூச்சும் வேணும், பாட்டும் வேணும். ரெண்டுல ஒண்ணத் தொடுன்னு சொல்ல நீ யாருய்யா?"

இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தாள். நர்ஸ் திறந்து பார்த்தாள். தண்ணீர்த் தொட்டியில் தூசி.

"என்னக்கா, ஒரு நாள்கூடவா தண்ணி ஊத்தல?"

"ராப்பனி பட்டாலே குரல் செத்துரும். பாடுறவ எவளாவது விடிய விடிய ஈரக்காத்த விழுங்குவாளா?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். "இது பனி இல்லக்கா, வெதுவெதுப்பான ஆவி. வெறுங்காத்துதான் தொண்டைய உலர்த்துது. குறட்டையில அதிர்ந்து அதிர்ந்து தொண்டை உள்ள வீங்கிக் கெடக்கு. இத மாட்டிட்டுத் தூங்குனா அது போகப்போக வடியும். வாயத் தொறந்து மட்டும் தூங்காதீங்க."

ராப்பனிக்குப் பயந்து பாடகர்கள் கழுத்தில் துண்டு சுற்றும் ஊர் அது. எதெல்மிராவுக்கும் பயம்தான். இருந்தும் அன்றைக்கே காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றினாள்.

திருவிழா ஞாயிறு, உச்சி வெயிலில், கன்னத்தில் முகமூடித் தழும்போடு மேடையேறினாள். எதிராளி இசாயாஸ், "தும்பிக்கை கட்டித் தூங்கும் யானை பிளிறுமா, பாடுமா?" என்று சீண்டினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவனுடைய ஆட்களில் ஒருவன் வேண்டுமென்றே ஓர் அடியைக் கொடுத்தான்: "வாயை மூடிக்கொள்கிறேன்."

வென்செஸ்லாவோ தலையைக் குனிந்துகொண்டான். எதெல்மிரா ஆறு அடிகளை நிதானமாகக் கட்டினாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. பிறகு இசாயாஸின் முகத்துக்கு நேரே முடித்தாள்:

"தும்பிக்கை உண்டு தம்பி, வெட்கமில்லை;
துணைக்கு அது இருக்க மூச்சுக்குப் பஞ்சமில்லை;
பகலெல்லாம் உன்னைப் பாடியே விரட்டுகிறேன்;
ராத்திரி மட்டுந்தான் வாயை மூடிக்கொள்கிறேன்!"

முதலில் தொப்பியைக் கழற்றியவன் இசாயாஸ்தான்.