மழைக்கணக்கில் ஒரு கேள்விக்குறி

சங்ககிரி தாலுகா கச்சேரியில் மழையை அளந்து எழுதுவது அப்போது என் வேலை. மழை குறைவென்றால் நிலத் தீர்வை தள்ளுபடியாகும் என்பதால், ஊராருக்காகக் கொஞ்சம் குறைத்தே எழுதுவேன். அதனால், வானிலை இலாகாவிலிருந்து வந்திருப்பதாகச் சொன்ன அந்த ஒல்லி மனிதரைப் பார்த்ததும், தீர்வையை ஏற்ற உளவு பார்க்க வந்த ஆள் என்றே நினைத்தேன். எதைக் கேட்டாலும் விரலை நாக்கில் நனைத்து, காற்றில் நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

“ஏனுங்க, எங்க மழைக்கணக்கு உங்களுக்கு எதுக்குங்க?”

“பூமியோட தென்கோடிக் கடல்ல பனிக்கட்டி மிதக்குது. காத்து அதைத் தள்ளுது. பனி விலகின இடத்துல கடல் சூடு வெளிய வந்து காத்தோட போக்கையே மாத்துது. அது இங்க மழையையும் மாத்துதான்னு பாக்கறோம்.”

“அப்ப மொதல்ல மாறுனது காத்துங்களா, பனிங்களா?”

விரலை நீட்டினார். “தெரியலையே.”

தெரியாது என்று சொல்லும் அதிகாரியை நான் கண்டதில்லை. சந்தேகம் இன்னும் இறுகியது.

என் எண்களைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டவர், சன்னலுக்கு வெளியே செழித்து நின்ற மானாவாரி நிலக்கடலைக் காட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

“அது எதுக்குங்க?”

“நம்பிக்கை வராத இடத்துல போடுவேன்.”

நோட்டின் முந்தின பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பனியையும் காற்றையும் பற்றி அவரே எழுதியிருந்த கணிப்புக்குப் பக்கத்திலும் அதே குறி.

என் பொய்யையும் தன் கணிப்பையும் ஒரே குறியால் சந்தேகித்த மனிதர் அவர். மறுநாள் காலை மழையை இரண்டு தடவை அளந்தேன். உள்ளபடி எழுதத்தான் வெகுநேரம் கை வரவில்லை.