வீங்காத கை

கெங்கம்மாள் சொல்பேச்சு கேட்காதவள் என்று எழுதியவன் நான்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1981. ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். கெங்கம்மாள் மலைமேல் சாமை விதைக்கிறவள். கழுத்தில் கட்டிகள், மாலையானால் காய்ச்சல், உடம்பு பாதியாகிவிட்டது. டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வருவார். மற்ற நாட்களில் கம்பவுண்டர் ராஜாக்கண்ணு வைத்ததுதான் சட்டம். பார்த்த மாத்திரத்தில் டிபி என்று முடிவு கட்டி, அதை உறுதி செய்ய அவள் கையில் ஊசி போட்டார். மூன்றாம் நாள் அந்த இடம் வீங்க வேண்டும். வீக்கம் தெரியாமல் மருந்தும் கிடையாது, வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டும் கிடையாது.

மூன்றாம் நாள் பத்து மைல் இறங்கி வந்தாள். ஊசி குத்திய தடம்கூட இல்லை.

"இன்னாம்மா, கழுவிட்டியா?" என்றார் ராஜாக்கண்ணு.

"தண்ணியே படலீங்க."

"மலைக்காரங்க புத்தி எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: முன்பு அம்மை குத்த மலைக்குப் போனபோது சிலர் குத்திய இடத்தைக் கழுவிவிட்டார்கள். அது தோல்மேல் கீறுவது. இது தோலுக்குள் போடுவது. அருவியில் நின்றாலும் போகாது. இதுகூடத் தெரியாதவருக்கு வெள்ளைக் கோட்டு ஒரு கேடு!

இரண்டாம் முறையும் வீங்கவில்லை. மூன்றாம் முறை அவள் மலையேறவே இல்லை. மூன்று நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில், எங்கள் கண்ணெதிரே, அந்தக் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அப்போதும் வீங்கவில்லை. "நாம இல்லாத நேரம் பார்த்து குழாயில கழுவியிருப்பா" என்றவர், சொல்பேச்சு கேட்காதவள் என்று எழுதி அனுப்பிவிடச் சொன்னார். எழுதினேன். எதிர்த்துக் கேட்காமலிருக்க என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

எட்டு மாதம் கழித்து அவள் புருஷன் அர்ச்சுனன் சீட்டு இல்லாமலே வேலூருக்குக் கூட்டிப்போனான். அங்கே கட்டியை வெட்டிச் சோதித்தார்கள். நெறிகட்டிகளில் புற்றுநோய். வயிறு வரை இறங்கியிருந்தது.

திரும்பி வந்தவள் வேலூர் டாக்டரின் கடிதத்தை என் மேசையில் வைத்தாள். "கம்பவுண்டருக்குக் கேக்கற மாதிரி படிங்க."

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் பல வகை. இந்த நோயில் அவற்றின் சமநிலை குலைந்துவிடும். தோலில் வீக்கத்தை எழுப்பும் வகை சோர்ந்துபோனதால்தான் கை வீங்கவில்லை. வீங்காதபோதே மேலே அனுப்பியிருக்க வேண்டும்.

"எல்லாம் விதி" என்றார் ராஜாக்கண்ணு.

"இன்னாங்க விதி? கழுவலைன்னு மூணு தபா சொன்னேன். நீங்க நம்பல. நான் பொழைக்கறது இருக்கட்டும். இனிமே மலையிலருந்து எவளாச்சும் வந்து சொன்னா நம்புங்க."

அவர் என்னைப் பார்த்து, "அடுத்த ஆளைக் கூப்பிடு" என்றார். நான் கூப்பிடவில்லை. அவரே எழுந்து போய்க் கூப்பிட்டார்.

தை பிறப்பதற்குள் கெங்கம்மாள் செத்துப்போனாள். வயது முப்பத்து நான்கு.