ஆடியில் பூத்த மார்கழிப் பூ

எங்கள் வீட்டுக்கு வந்த காகிதங்களையெல்லாம் பத்து வயதிலிருந்து நான்தான் படித்தேன். கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, மாத்திரை அட்டையின் பின்பக்கம், தேர்தல் நேரத்தில் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகும் நோட்டீஸ் என்று எதுவாக இருந்தாலும் அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னிடம் நீட்டுவாள். நான் வாசற்படியில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி படிப்பேன். மெதுவாகப் படித்தால் படிப்பதாகவே எங்கள் தெருவில் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அப்பாவுக்குக் கண்ணாடி வேண்டும். அவர் மில்லில் ஆள் குறைத்தபோது வெளியே வந்து, சிமெண்ட் குடோனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். பேங்க்கிலோ ரேஷன் கடையிலோ யாராவது காகிதத்தை நீட்டினால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கண்ணாடி எடுத்துட்டு வரல சார், கொஞ்சம் படிச்சு சொல்லிடுங்க" என்பார். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றும் அப்படித்தான் சொன்னாராம். நான் படிக்கப் பழகிய பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அப்போதும் முதலில் கண்ணாடி விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் காகிதத்தை என் பக்கம் தள்ளுவார். அவர் கண்ணாடி போட்டு நான் பார்த்ததில்லை. மறதிக்காரர் என்று நினைத்துக்கொள்வேன்.

சாரம் என்கிற பகுதியில் நாங்கள் இருந்தது வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்று. வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவே, ஆள் படுக்கிற அகலத்துக்கு ஒரு துண்டு மண் உண்டு. அம்மா அதில் எதையாவது ஊன்றிக்கொண்டே இருப்பாள். எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கோ கூரை மேலேயே பறங்கிக் கொடி. மார்கழி பிறந்தால் தெருவில் பாதி வாசல்களின் கோலத்துக்குச் சாணிப் பிள்ளையாரில் செருக அந்தக் கொடியின் பூதான். பெரியம்மா யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் பூவோடு கூட ஒரு வார்த்தையும் கொடுப்பாள். "வருஷா வருஷம் வாங்கறியே, ஒரு வெதய வாங்கி ஊனக் கூடாதா? உன் கைக்கு வராதோ?"

அம்மா சிரித்துக்கொண்டே வாங்கி வருவாள். வீட்டுக்குள் வந்ததும் சிரிப்பு போய்விடும். விதையும்தான் மூன்று வருடம் வாங்கி ஊன்றினாள். இரண்டு வருடம் மழை அழுகவைத்தது, ஒரு வருடம் ஆடு தின்றது.

அம்மா வீட்டு வேலை பார்த்தது கடற்கரைப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டில். அந்த வருடம் ஐப்பசி முதல் நாளன்று மதாம் மகளோடு இருக்கப் பிரான்சுக்குப் போனார். வீட்டைப் பூட்டும் அவசரத்தில், மகள் எப்போதோ அனுப்பியிருந்த விதைக் கவர் ஒன்றை அம்மா கையில் வைத்து, "நீ போட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். கவரின் மேல் ஒரு பூவின் படம். பறங்கிப்பூவின் அதே மஞ்சள், நீளநீளமாய் இதழ்கள், நடுவில் மட்டும் கறுப்பாக ஒரு குமிழ். பிறந்த குழந்தையின் கன்னத்தில் வைக்கிற மைப்பொட்டு மாதிரி இருந்தது.

"இன்னா போட்டிருக்குன்னு படி," என்றாள் அம்மா.

கவரைத் திருப்பினேன். எழுத்தெல்லாம் எனக்குத் தெரிந்த ஏ, பி, சி, டிதான். சேர்த்துப் படித்தால் ஒரு வார்த்தையும் நான் படித்த இங்கிலீஷாக இல்லை. சில எழுத்துகளின் தலையில் கோடு வேறு கிழித்திருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் வீட்டில் அதுவரை நான் தெரியாது என்று சொன்ன காகிதம் கிடையாது.

கண்ணுக்குப் புரிந்தவை இரண்டே எண்கள். ஒன்று 2, இன்னொன்று 60.

"குழிக்கு ரெண்டு வெத போடணும்," என்றேன். "அறுவது நாள்ல பூக்கும்."

அம்மா விரலை மடக்கி எண்ணினாள். அன்றைக்கு ஐப்பசி பிறந்திருந்தது. இரண்டு மாதம் என்றால் சரியாக மார்கழி முதல் நாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து, நான் உண்மையாகவே படித்துவிட்டேன் என்று எனக்கே தோன்றியது.

அன்று சாயங்காலமே குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அம்மா சொல்லிவிட்டாள். "இந்த வருஷம் எனக்குப் பூ வேணாங்கா. எங்க வாசல்லயே பூத்துடும். பிரான்சு வெத. பையன் படிச்சிட்டான்."

"பிரெஞ்சா? உன் பையனா?" என்றாள் பெரியம்மா.

"ஆமா. அறுவது நாளாம்."

குழாயடியில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அந்த நிமிர்வுக்கு இரண்டு மாதம் கழித்து விலை கொடுக்க வேண்டியிருந்தது.

விதை முளைத்தது. பதினோரு செடிகள். மழை அடித்துக் கொண்டு போய்விடாமல் அம்மா சாக்குக் கட்டினாள், மண்ணைக் கிளறி மேடாக்கினாள். ஒவ்வொரு செடியும் தரையோடு தரையாக இலை விரித்து உட்கார்ந்தது. சொரசொரவென்று பூனை நாக்கு மாதிரி இலை. அதற்கு மேல் எழும்பவே இல்லை. ஐம்பது நாள் ஆனது, ஐம்பத்தைந்து ஆனது. பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் நடுவில் மொட்டு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். இலைக்கு நடுவில் இன்னொரு இலைதான் வந்துகொண்டிருந்தது.

மார்கழி பிறந்தது. தெரு முழுக்கக் கோலத்தின் நடுவில் மஞ்சள் பூ. எங்கள் வாசலில் மட்டும் அம்மா பெரிய கோலமாகப் போட்டு, சாணிப் பிள்ளையாரைப் பிடித்து நடுவில் வைத்து, அதில் ஒரு அறுகம்புல்லைச் செருகியிருந்தாள். முதல் நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் பெரியம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு தெருவைக் கடந்து வந்து செடியைக் குனிந்து பார்த்தாள்.

"ஏண்டி, நல்லா தழதழன்னு இருக்கு. கடைஞ்சு சாப்பிட்டா நல்லாருக்குமா?"

"பூக்கும்க்கா."

"நேத்து ஆடு வந்து ஒரு வாய் கடிச்சிட்டுத் துப்பிட்டுப் போச்சு, நான் பார்த்தேன். அதுக்கே பிடிக்கல. வந்து ரெண்டு பூ பறிச்சிட்டுப் போ. எதுக்கு வீம்பு?"

"இருக்கட்டுங்கா. பையன் படிச்சிருக்கான், வராம போவாது."

அம்மா அதை எரிச்சலாகச் சொல்லவில்லை. சூரியன் கிழக்கே வரும் என்பதுபோலச் சொன்னாள். எனக்குக் கோலத்துக்குள்ளேயே புதைந்து போகலாம் போல இருந்தது. அந்த மாதம் முழுக்க அவள் ஒரு நாளும் எதிர்வீட்டுக்குப் பூ கேட்டுப் போகவில்லை. அத்தனை நாளும் எங்கள் வாசலில் அறுகம்புல்தான்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். அப்பா மண்வெட்டியோடு வாசலுக்கு வந்தார். "இது ஒண்ணும் ஆவறதா தெரியல. கத்திரி நட்டாலும் கொழம்புக்கு ஆவும்," என்று ஓரத்துச் செடியின் அடியில் மண்வெட்டியை வைத்தார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"புடுங்காதப்பா. பூக்காதுன்னு செடி சொல்லல. நான்தான் தப்பா சொல்லிட்டேன். எனக்கு அதைப் படிக்கவே வரல."

அப்பா மண்வெட்டியை எடுக்காமல் அப்படியே நின்றார். "அப்ப அறுவது நாளு?"

"அறுவதுன்னு நம்பர் மட்டும் இருந்துச்சு."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. எனக்கு விளங்காத வேறு ஏதோ பார்வை. பிறகு வாளித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, "அந்தக் கவரு எங்க இருக்கு?" என்றார்.

கவர் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. அம்மா அங்கேதான் என் மார்க் ஷீட்டையும் வைப்பாள்.

எங்களூரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து அந்த நாட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களைச் சொல்தா என்பார்கள். டவுனுக்குள் அப்படி ஒரு கிழவரின் வீட்டு மாடிக்கு அப்பா ஒரு முறை பீரோ ஏற்றியிருக்கிறார். அந்தப் பழக்கம்தான். என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து அழைத்துப் போனார். கிழவர் லுங்கியும் பனியனுமாக வராந்தாவில் நாற்காலி போட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். மூக்கின் நுனியில் தடித்த கண்ணாடி.

அப்பா செருப்பைக் கழற்றிப் படிக்குக் கீழே விட்டார். "முசியே, இந்தக் கவருல இன்னா போட்டிருக்குன்னு சொல்லணும்."

கிழவர் கவரை வாங்கி, என்னைப் பார்த்தார். "பையன் பள்ளிக்கூடம் போறான்ல? அவனுக்குப் படிக்க வராதா?"

"தமிழ் வரும். இங்கிலீசு வரும்," என்றார் அப்பா. "இந்த ஒரு பாஷ மட்டும் இன்னும் வரல. எனக்குத்தான் முசியே எதுவும் படிக்கத் தெரியாது."

கிழவர் படித்துச் சொன்னார். பல வருடம் இருக்கிற செடி. முதல் வருடம் இலை மட்டும்தான். இரண்டு என்று போட்டிருப்பது இரண்டாம் வருடம், அதன் கோடையில் பூக்கும்; அந்த நாட்டுக் கோடை நமக்கு ஆனி, ஆடி. அறுபது என்பது செடி வளரும் உயரம், சென்டிமீட்டரில். அப்பா என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார். ரேடியோ பக்கத்தில் கிடந்த பழைய காலண்டர் தாளைக் கிழவர் கொடுக்க, தரையில் வைத்து ஒவ்வொரு வரியாக எழுதினேன். முடித்ததும் அப்பா தாளை வாங்கி, மேலிருந்து கீழாகப் பார்த்து, தலையை ஆட்டி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நம்ம வெயிலுக்கு இது நிக்காதுப்பா," என்றார் கிழவர்.

"வச்சுப் பார்க்கறோம் முசியே."

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம் சொன்னார்: "புள்ள சொன்னது கொஞ்சம்தான் மாறிப்போச்சு. கவருல சின்ன எழுத்தா இன்னும் ரெண்டு வரி இருந்துச்சு, அதைத்தான் போய்க் கேட்டுட்டு வந்தோம். இந்த வருஷம் எல தான். வெயில் காலம் போனா பூ."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

"அப்ப வெயிலுக்குக் காபந்து பண்ணணும்," என்றாள். அவ்வளவுதான். குழாயடியில் சேதி போனது. "பூ வர்றதுக்குள்ள உன் பையன் காலேஜே முடிச்சிடுவான்," என்றாள் பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும்தான்.

அந்த வெயில் காலம் போல நான் எந்த வெயிலோடும் மல்லுக்கட்டியதில்லை. போர்வெல் தண்ணீர் உப்பு. ஊற்றினால் இலை ஓரம் கருகியது. குழாயில் காலையில் வரும் நல்ல தண்ணீரில் ஒரு குடம் செடிக்கென்று ஒதுக்கினோம். அதற்காக ஒரு குடம் குறைத்துக் குளித்தோம். அரிசி கழுவின தண்ணீர் சாயங்காலத்துக்கு. அப்பா குடோனிலிருந்து வந்த களைப்போடு நாலு கொம்பு நட்டுத் தென்னங்கீற்றைப் பரப்பி நிழல் கட்டினார். கத்திரி வெயிலில் ஒன்றன் பின் ஒன்றாகச் செடிகள் சாய்ந்தன. பதினொன்று ஏழானது, ஏழு நாலானது. ஒவ்வொன்று போகும்போதும் அம்மா வேரோடு எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு மிச்சம் எத்தனை என்று மட்டும் சொல்வாள்.

கடைசியில் மூன்று நின்றன. ஆனியில் முதல் மழை பெய்ததும் மூன்றிலும் நடுவிலிருந்து தண்டு எழும்பியது. எனக்குத் தொடை உயரத்துக்கு வந்தபோது நான் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தேன். கிட்டத்தட்ட அறுபது.

ஆடி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை காலையில் பூத்தது. மூன்று செடியிலும் சேர்ந்து ஏழு பூ. கவரில் இருந்த படம் பொய் சொல்லவில்லை. அதே மஞ்சள், அதே மைப்பொட்டு. இப்போது அதன் பெயர் எனக்குத் தெரியும், பிளாக் ஐட் சூசன். எங்கள் தெருவில் அதற்கு இன்றைக்கும் பொட்டுப் பூ என்றுதான் பெயர்.

அம்மா குளித்து, வாசல் தெளித்து, மார்கழிக்குப் போடுகிற மாதிரிப் பெரிய கோலமாகப் போட்டாள். சாணி பிடித்து நடுவில் வைத்தாள். ஒரு பூவைக் கிள்ளி அதில் செருகினாள். ஆடி மாதத்தில், அம்மன் கோயிலில் கூழ் ஊற்ற மைக்செட் கட்டிக்கொண்டிருந்த காலையில், தெருவில் ஒரே ஒரு வாசலில் மார்கழிக் கோலம்.

பெரியம்மா தன் வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏண்டி, ஆடியில யாராவது சாணியில பூ வைப்பாங்களா?"

"பூத்தப்பதானேக்கா வைக்க முடியும்," என்றாள் அம்மா.

பெரியம்மா தெருவைக் கடந்து வந்தாள். செடியைச் சுற்றிப் பார்த்தாள், பூவின் நடுக் குமிழை விரலால் தொட்டுப் பார்த்தாள். "அழகாத்தான் இருக்குது," என்றாள். கொஞ்சம் கழித்து, "சாமி படத்துக்கு ஒண்ணு குடேன்."

அம்மா இரண்டு பூவாகக் கிள்ளிக் கொடுத்தாள். கூட ஒரு வார்த்தையும் கொடுத்தாள். ஆனால் அது பெரியம்மா பாணி வார்த்தை இல்லை. "எல்லாம் எங்க பையன் படிச்சுச் சொன்னதுக்கா. அவன் எழுதுன தாளு இன்னும் அவங்கப்பா பையிலயே இருக்குது."

உள்ளே சட்டையை மாட்டிக்கொண்டிருந்த அப்பா பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் பார்த்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. அப்பா எனக்காக ஒரு பெரிய பொய் சொல்லியிருக்கிறார். என் மானம் போகக் கூடாதென்று, அந்தச் சொல்தா கிழவரிடம், எதுவுமே படிக்கத் தெரியாது என்று தன்னைத் தாழ்த்திச் சொல்லியிருக்கிறார். வழக்கம்போலக் கண்ணாடி எடுத்து வரவில்லை என்று சொன்னாலே போதுமே. அன்றைக்குப் பார்த்து ஏன் அதைச் சொல்லவில்லை? அதற்கு நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு குடோனுக்குக் கிளம்பியதும், டிரங்குப் பெட்டிக்கு அடியில், அரிசி டின்னுக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பின்னால் என்று வீடு முழுக்க அந்தக் கண்ணாடியைத் தேடினேன். கிடைத்தால் துடைத்து, அடுத்த தடவை மறக்காமல் அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்பலாம் என்று.