கைகோர்வைக்கு ஒரே டேக்

ஷூட்டிங் லைட் சூட்டில் வாழைமரம் வதங்குகிற வாசனை... கூடவே மல்லிகை, கொல்லையில் கொதிக்கிற சாம்பார். தொண்ணூறுகளில் நான் தயாரித்த முதல் சீரியலை நினைத்தால் எனக்கு ஞாபகம் முதலில் மூக்கில்தான் வரும்!

பொள்ளாச்சி பக்கம் ஒரு தோப்பு வீடு. வாசலில் பந்தல். அன்றைக்கு எடுக்க வேண்டியது கதாநாயகியின் கல்யாணம்.

புரொடியூசர் என்றதும் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்காதீர்கள். டிபன் ஏற்பாடு, புடவைக்கு இஸ்திரி, டைரக்டரிடம் திட்டு வாங்குவது... எல்லாம் நானேதான். கேமரா மட்டும் என் வீட்டுக்காரர் சிவராஜ்.

சென்னையில் ஒரு சேனலில் சீரியல் ஓடுகிற ஸ்லாட் ஒன்று காலி இருந்தது. "கல்யாண சீன் அச்சு அசல் உங்க ஊர்க் கல்யாணமா இருக்கணும். நாளைக்குக் காலைல எடிட்டிங்குக்கு டேப் வரலைன்னா ஸ்லாட் வேற ஆளுக்குப் போயிடும்" என்று சொல்லியிருந்தார்கள். போனால் போனதுதான்.

அசலாக இருக்கட்டும் என்று நிஜமான அருமைக்காரரையே அழைத்து வந்திருந்தேன். எங்கள் பக்கம் கல்யாணச் சீர்களை முன்னின்று நடத்தி வைப்பவர் அவர்தான்.

அங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டேன்!

மணமக்கள் கைகளைச் சேர்த்து வைக்கிற கைகோர்வைச் சீர். லைட் எரிகிறது, கேமரா ரெடி. அருமைக்காரப் பெரியவர் எழுந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, இவங்க ரெண்டு பேரும் நெசமாலுமே கட்டிக்கப் போறாங்களா?"

"இல்லைங்கய்யா... நடிப்புங்க."

"அப்பறம் எப்படிங்க நான் கையச் சேத்து வெக்கறது? வெளையாட்டுக் காரியமுங்களா இது? என்னால ஆகாதுங்க."

கோபமே இல்லை. அத்தனை மரியாதையாக மறுத்தார்!

"வேற யாரையாவது வேட்டி கட்டி உட்கார வைங்க" என்றார் டைரக்டர். அவர் சென்னைக்காரர். ஊரே பந்தலில் நிற்கிறது, பெரியவர் முகத்துக்கு எதிரே எவர் வந்து உட்காருவார்?

கல்யாணமான ஜோடி யாரையாவது வைத்துக் கை மட்டும் குளோஸப் எடுக்கலாம் என்றேன். அதற்கும் பெரியவர் முடியாது என்று தலையாட்டிவிட்டார். "ஒருக்காச் செஞ்ச சீரை மறுக்காச் செய்யறதில்லீங்க."

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்போதுதான் என் வீட்டுக்காரர் வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுத்தார்.

"ஐயா, நாங்க ரெண்டு பேரும் இருக்கறமுங்க. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கட்டிக்கிட்டோம். ஒரு சீரும் நடக்கலீங்க."

நிஜம்தான். இரண்டு வீட்டுக்கும் ஆகாது. யாரும் வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு காபி குடித்துவிட்டு வேலைக்குப் போனோம். எனக்கு அதில் வருத்தமில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெரியவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "அதை மொதல்லயே சொல்றதுக்கென்னுங்க? வந்து உக்காருங்க. ஆனா ஒண்ணு... இதுக்கு ரெண்டாவது டேக்கெல்லாம் கெடையாதுங்க, சொல்லிப்போட்டேன்!"

கதாநாயகி தன் வளையல்களைக் கழற்றி என் கையில் மாட்டினாள். அந்த வீட்டு அக்கா ஓடிவந்து என் தலையில் பூ வைத்தார்.

"அக்கா, தலை கேமராவுல தெரியாதுங்க. கை மட்டும்தான்."

"தெரியாட்டிப் போகுது கண்ணு. கல்யாணப் பொண்ணு பூவில்லாம உக்காருவாளா?"

எனக்குக் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். நல்லவேளை, முகம் ஃப்ரேமில் இல்லை!

மாப்பிள்ளையோ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அசிஸ்டென்ட்டை விரட்டிக்கொண்டிருந்தார். "டேய், ஃபோகஸ்... ஃபோகஸைப் பாருடா!"

"மாப்ள, பொண்ணைப் பாருங்க" என்றார் பெரியவர். பந்தலே சிரித்தது. எங்கள் கைகள் சேர்ந்தன.

சாயங்காலம் பொள்ளாச்சி பஸ்ஸில் டேப்பை மடியில் வைத்துக்கொண்டு உக்கடம் வந்து, அங்கிருந்து ஆட்டோவில் ஸ்டேஷனுக்கு ஓடி, சென்னை ரயிலைப் பிடித்தோம். ஸ்லாட் கிடைத்துவிட்டது! சேனலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "ஹீரோ கையில திடீர்னு வாட்ச் எப்படி வந்துச்சு?" கழற்ற மறந்துவிட்டார் மனுஷன்! பெண் வீட்டுச் சீர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்கப்புறம் எத்தனையோ சீரியல், இரண்டு சினிமா... இப்போது கல்யாண வீட்டுக்குப் போனால் தலைக்கு மேல் ட்ரோன் பறக்கிறது. தாலி கட்டும்போதுகூட, "சார், கேமராவைப் பார்த்து இன்னொரு தடவை" என்கிறார்கள். பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை கட்டுகிறார்கள். குறை சொல்லவில்லை, அழகாகத்தான் இருக்கிறது.

எங்கள் கல்யாணத்துக்கென்று இருப்பது அந்த ஒரு ஷாட்தான். முகம் இல்லை. நாலு கை, ஒரு வாட்ச். கேசட்டிலிருந்து மாற்றி போனில் வைத்திருக்கிறேன். போன வாரமும் போட்டுப் பார்த்தோம்.

"ஃபோகஸ் கொஞ்சம் அவுட்டு" என்றார், வழக்கம்போல. கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு டேக் போலாமா அம்மணி?" என்றார்.

"வேண்டாமுங்க" என்றேன். "அன்னைக்கே ஓகே ஆயிருச்சுங்க."