விசாரிக்க ஆளில்லாத துறைமுகம்

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பது என்றால் மாப்பிள்ளையைப் பார்ப்பது அல்ல, அவரைப் பற்றி விசாரிப்பது. அதில் அப்பாவை மிஞ்ச பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஆள் இல்லை. புறநகர் செவ்ரானில் இருக்கும் ஒருவரைப் பற்றி அறிய வேண்டுமென்றால் சனிக்கிழமை பின்னேரம் மரக்கறிக் கடை வாசலில் அரை மணி நேரம் நிற்பார். அந்த ஆளின் சம்பளம், குடி, தாய்மாமனோடு பட்ட கோபம் எல்லாம் வாழைக்காயோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிடும்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது சித்திக்கு வந்த சம்பந்தம் அப்பாவின் இந்தத் திறமைக்கே சவாலாகப் போயிற்று. சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார், முப்பத்திரண்டு வயது. மாப்பிள்ளை ஸ்கொட்லாந்தில் போர்ட் அன்னட் என்ற சின்னத் துறைமுகத்தில் மீன் பொதி செய்யும் தொழிற்சாலையில் ஆறு வருடமாக வேலை செய்வதாகத் தரகர் சொன்னார். அப்பா லண்டனுக்குப் போன் எடுத்தார், கிளாஸ்கோவுக்கு எடுத்தார், கனடாவுக்குக்கூட எடுத்துப் பார்த்தார். அந்த ஊரில் அவரைத் தவிர ஒரு தமிழ்ச் சனமும் இல்லை. தமிழ்ச் சனம் இல்லாத ஊரில் ஒருவன் ஆறு வருடம் இருந்தால் எதையோ மறைக்கத்தான் இருப்பான் என்று அப்பா முடிவுகட்டினார். ஒன்றில் லண்டனில் ஒரு குடும்பம் இருக்கும், இல்லாவிட்டால் விசா இருக்காது.

பாரிசில் ஒரு உறவினர் வீட்டுக் கொண்டாட்டத்துக்கு வந்த மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கும் வந்தார். உயரமானவர், அதிகம் பேசவில்லை. எனக்கு ஒரு தகரப் பெட்டி பிஸ்கட் தந்தார், மூடியில் மலையும் செம்மறி ஆடுகளும். இது லண்டன் கடைகளிலும் விற்கிறது என்று அப்பா குசினிக்குள் வந்து அம்மாவின் காதுக்குள் சொன்னார். பிறகு போய் அவருடைய விரல்களைப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆறு வருடம் மீனுக்குள் கிடந்தவரிடம் வெறும் சவர்க்கார வாசம் வருவது எனக்கும் நல்லதாகப் படவில்லை. சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து, எனக்கும் பங்கு கிடைத்திருந்தது.

தேத்தண்ணி குடித்து முடிந்ததும் அப்பா தன் பொறியை வைத்தார்.

“தம்பி, நீர் ஆறு வருஷமா இருக்கிற இடம். அந்த ஊருக்கு ஏன் அந்தப் பேர் வந்ததெண்டு தெரியுமோ?”

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊருக்குப் பெயர் வந்த கதையை அப்பா நித்திரையில் கேட்டாலும் சொல்லுவார். ஓர் அரசன் வந்து தண்ணீர் கேட்ட கதை. உண்மையாக ஓர் இடத்தில் இருப்பவனுக்கு அது தெரியாமல் இராது என்பது அவருடைய நம்பிக்கை.

“ஓம் அண்ணை,” என்றார் அவர். “அன்னா எண்டு ஒரு மனுசி இருந்தவவாம். புயலுக்கை வள்ளம் கவிண்டு போக, இடுப்பிலை கயித்தைக் கட்டிக்கொண்டு நீந்திப் போய் ஏழு பேரைக் கரை சேத்தவ. அவவின்ரை பேர்தான்.”

சித்தி வெறுங்கோப்பைகளை எடுக்க வந்தவர் கதை முடியும்வரை கதவடியிலேயே நின்றார். முடிந்த பிறகும் கொஞ்சம் நின்றார்.

மாப்பிள்ளை போனதும் இதைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. இன்டர்நெட்டில் ஆரும் எதையும் எழுதலாம் என்று அப்பா அதை நம்பவில்லை, அச்சடித்த புத்தகம் வேண்டுமாம். புதன்கிழமை பின்னேரம் என்னைப் பெரிய நூலகத்துக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த பெண்மணி ஸ்கொட்லாந்து ஊர்ப்பெயர்கள் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து, எனக்குப் பிரெஞ்சில் சொன்னார். அன்னட் என்பது அங்கத்தைய பழைய மொழியில் பழம் தேவாலயம். மனுசியும் இல்லை, கயிறும் இல்லை.

அன்றைக்கு நான் நடந்த நடையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. வீட்டு வரவேற்பறையில் எல்லோரையும் இருத்தி, எழுதி வந்த காகிதத்தை உரத்து வாசித்தேன். சித்தி என் பள்ளிக்கூடச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. பேர் வந்த கதையையே புளுகுகிறவன் வேறு என்னவெல்லாம் புளுகுவான் என்று அப்பா தரகருக்குப் போன் எடுத்துச் சொன்னார். சம்பந்தம் அத்தோடு முறிந்தது. எனக்கு ஒரு சைக்கிள் கிடைத்தது.

இரண்டு வருடம் கழித்துச் சித்திக்குப் பாரிசுக்குப் பக்கத்து ஆர்ஜொந்தெய்யில் கலியாணம் ஆயிற்று. அந்த மாப்பிள்ளையைப் பற்றிப் பதினாலு பேர் நல்லவர் என்று சொன்னார்கள். நல்லவர்தான். அவர் வீட்டில் சித்தி வாய்விட்டுச் சிரித்து நான் கண்டதில்லை.

பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்தபோது ஓர் அரையாண்டு ஸ்கொட்லாந்தில் இருக்க நேர்ந்தது. ஒரு ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போர்ட் அன்னட்டுக்குப் போனேன். நாலு தெரு, இருபது வள்ளம், மீன் தொழிற்சாலை ஒன்று. அலைதடுப்புச் சுவர்ப் பக்கம் பழம் தேவாலயம் பற்றி ஒரு பலகை. தேநீர்க் கடைப் பெண்ணிடம் ஊர்ப்பெயரைப் பற்றிக் கேட்டேன். பலகை வெளியூர்க்காரருக்கு வைத்தது என்று சிரித்துவிட்டு அவர் அன்னாவின் கதையைச் சொன்னார். கயிறு, புயல், ஏழு பேர். இங்கே பிறந்த பிள்ளைக்கெல்லாம் சொல்லுவது இதைத்தான் என்றார். இங்கே ஒரு தமிழர் வேலை செய்தாரா என்று அவரிடம் கேட்கப் பயந்து பஸ்ஸுக்கு நடந்துவிட்டேன்.

பாரிசுக்குத் திரும்பியதும் நேரே சித்தியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

“எனக்கு அண்டைக்கே தெரியும்,” என்றார். “ஏமாத்த வந்தவனெண்டால் புத்தகத்தைப் பாத்துச் சரியாச் சொல்லியிருப்பான். அவர் அங்கை ஆரோ சொல்லக் கேட்டதைச் சொன்னவர்.”

“பிறகேன் சித்தி ஒண்டும் சொல்லேல்லை?”

“ஆர் என்னைக் கேட்டது?”

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. லண்டன், கிளாஸ்கோ, கனடா என்று எங்கெல்லாமோ விசாரித்த வீட்டில் சித்தி என் சட்டையை அயன் பண்ணிக்கொண்டு நின்றார். அவரிடமும் ஒரு சொல் கேட்கலாம் என்று, காகிதத்தோடு நின்ற எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.