மழையில் பாடிய வேலி

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழைக்காலம். செய்யூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். கட்டுரை என்றாலே நோட்ஸைப் பார்த்து எழுதும் பிள்ளைகளுக்காக ஒரு வலைப்பூ தொடங்கினேன். விதி ஒன்றுதான். வீட்டிலோ தெருவிலோ நிஜமாக நடப்பதைக் கதை போல ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அப்பா, அம்மா போனிலிருந்து அனுப்புவார்கள். நான் திருத்தி வெளியிடுவேன்.

வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி ஒரு நாள் மாலை அனுப்பியிருந்தாள். மழை பெய்தால் எங்கள் மோட்டார் கொட்டகை வேலி பாடும், கம்பியில் கை வைத்தால் எறும்பு ஊரும் என்று எழுதியிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. 'சிங்' என்பதை 'சிங்ஸ்' ஆக்கி, 'அருமையான கற்பனை' என்று குறிப்பும் போட்டு வெளியிட்டேன். கல்பாக்கத்தில் எலெக்ட்ரிகல் வேலையில் இருக்கும் என் கணவரிடம் படித்துக் காட்டினேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "கற்பனையா? நிஜத்தத்தானே எழுதச் சொன்ன? வேலியில கரண்ட் கசியுது. உடனே போன் பண்ணு."

வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. அவள் அப்பாவை அழைத்தேன். வேலியில் கரண்ட் கசிகிறது, அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம் என்றேன்.

"இன்னா டீச்சர் சொல்றீங்க? பொண்ணு மாட்ட அவுக்க அங்கதான் போய்கினு கீது!"

போனைக் கட் செய்யாமலே ஓடினார். மகள் பெயரைச் சொல்லிக் கத்தினார். சேற்றில் கால் சளசளக்கும் சத்தம். பிறகு வெறும் மழை. இரண்டு நிமிடம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"மெயின் பீசப் புடுங்கிட்டேன் டீச்சர்," என்றார் ஒருவழியாக. "பொண்ணு கேட்டாண்டதான் நின்னுகினு இருந்துச்சு. ஒண்ணும் ஆவல."

எலெக்ட்ரீஷியன் பார்க்கும் வரை பீஸைத் திரும்பப் போட வேண்டாம் என்றேன்.

மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தாராம். மோட்டாருக்குப் போகும் ஒயர் கம்பி வேலியில் உரசி உரசித் தோல் உரிந்திருந்தது.

பள்ளிக்கு வந்தவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "மிஸ், நான் கற்பனையா எழுதலையே. ஏன் அப்டி போட்டீங்க?"

வகுப்பு முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். உண்மையை எழுதச் சொல்லிவிட்டு அதை நம்பாமல் படித்தவள் நான். இன்றும் ஒரு பிள்ளை எழுதியதைப் பிரிக்கும்போது, இலக்கணம் கண்ணில் படும் முன் அந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்றுதான் தேடுகிறேன்.