நான்கு எலுமிச்சம்பழங்களோடு விஜயவாடாவுக்கு

காலை 5.15. திருப்பதி பஸ் திருத்தணியை விட்டுக் கிளம்பியபோதே பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பயம் பஸ்ஸைப் பற்றி அல்ல. வழியில் ரேணிகுண்டாவில் இறங்கிப் போகவேண்டிய விமான நிலையத்தைப் பற்றி. விஜயவாடாவில் என் தங்கை சுமதியின் மகளுக்கு அன்று காது குத்து. பகல் பன்னிரண்டுக்குள் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தாக வேண்டும். மூத்தவனுக்குக் குத்தியபோது, "ரொம்ப தூரம்மா" என்று போகாமல் இருந்துவிட்டேன். யார் மடியிலோ உட்காரவைத்துக் குத்தினார்கள். சுமதி ஒரு வருடம் பேசவில்லை. இந்த முறை டிக்கெட்டை அவளே எடுத்து அனுப்பிவிட்டாள்.

7.40. அறுபது கிலோமீட்டர் பஸ், கடைசித் துண்டுக்கு நூற்றைம்பது ரூபாய் ஆட்டோ. பாதுகாப்புச் சோதனையில் என் பையைத் தனியே எடுத்து வைத்தார்கள். உள்ளே நான்கு எலுமிச்சம்பழம். எங்கள் ஊரில் பழைய ஸ்கூட்டர் வாங்கினாலும் சக்கரத்தடியில் பழம் வைத்து நசுக்காமல் கிளப்ப மாட்டோம். இத்தனை பெரிய வண்டியைச் சும்மா கிளப்புவதா?

"இது எதுக்கு சார்?" என்றார் காவலர்.

"சக்கரத்துக்குங்க."

ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு ஆறு சக்கரம் சார். நாலுதான் எட்தாந்துகீறீங்க."

"மீதி ரெண்டு இங்க கெடைக்குமாங்க?"

சிரித்துவிட்டுப் பழங்களைத் திருப்பிக் கொடுத்தார். "கையில வெச்சிக்குங்க. சக்கரத்தாண்ட போனீங்கன்னா என் வேலை பூடும்."

9.20. இறக்கைக்கு ஒரு விசிறி வைத்த சின்ன விமானம். ஜன்னலோரத்தில் பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரி ஒருவர். மாதம் ஒருமுறை போகிறவராம்.

"வான்வழியா முன்னூத்தம்பது கிலோமீட்டர்ங்க. எழுபது நிமிசத்துல போயிடுவான்" என்றார்.

"நம்ம ஊரு எலெக்ட்ரிக் ட்ரெயின் எண்பது கிலோமீட்டருக்கே ரெண்டு மணி நேரம் இழுக்குதே!"

"அது ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்னுகினு போவுது."

"அதாங்க வேணும். புடிக்கலன்னா மணவூர்ல எறங்கிடலாம். இங்க எங்க எறங்கறது?"

விமானம் எழும்பியது. கீழே 'டமால்' என்றது.

"இன்னாங்க உடைஞ்சிச்சு?"

"ஒண்ணும் உடையல. சக்கரத்தை உள்ள இழுத்துக்கினான்."

அதற்குள் என் கையிலிருந்த பழம் மொத்தச் சாற்றையும் பேண்ட்டில் விட்டிருந்தது. வியாபாரி என் மடியைப் பார்த்தார். நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எலுமிச்சங்க இது."

"ஆங், ஆங். மொத தபா எல்லாருக்கும் அப்படித்தான்."

நசுங்கிய பழத்தை அவர் மூக்கருகே நீட்டி மானத்தை மீட்டேன். இருவரும் சிரித்த சிரிப்பில் முன் வரிசை திரும்பிப் பார்த்தது. மேகம் விலகி கிருஷ்ணா நதி மணல் திட்டுகளோடு மின்னியபோது, பயத்தை மறந்து அவர் தோள்மேல் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

10.30. கன்னவரத்தில் தரையிறங்கினோம். அங்கிருந்து ஊருக்குள் இருபது கிலோமீட்டர், ஒரு மணி நேர நெரிசல்.

11.40. வாசலிலேயே தங்கை கணவர் கத்தினார்: "பாவா வந்துட்டாரு!" அவர் தெலுங்கில் மச்சானுக்கு அதுதான் பேர். குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஒரு வீறல் கேட்டது. இன்னொன்று கேட்டது, அது என்னுடையது என்கிறார்கள்.

"அண்ணா, கண்ணைத் தொற. ரெண்டு காதும் முடிஞ்சிச்சு."

குழந்தை என் வாட்ச் வாரைக் கடித்துக்கொண்டிருந்தது. அறுபது கிலோமீட்டர் பஸ்ஸுக்கு ஆன நேரத்தில் பாதிதான் வானத்தில் கழிந்திருந்தது. சுமதி அதற்குள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டாள். "அடுத்து பெரியவன் ஸ்கூல் விழா, அப்புறம் பொங்கல், அப்புறம் இவ பொறந்தநாளு. எல்லாத்துக்கும் வர்ற."

தூரம் என்று சொல்ல வாயெடுத்தேன். எழுபது நிமிடம் என்று அவளுக்கும் தெரியும்.

"ஜன்னல் சீட்டாப் பார்த்துப் போடும்மா" என்றேன்.